மூலையில் நிற்கிற லோரி: கம்பெனி வண்டி எடுக்கும் புது டிரைவர்களுக்கு

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம் லோரி வேலைக்குப் புதிதாகப் போகிற பையனுக்கு முதல் நாள் கிடைப்பது யார்டின் மூலையில் நிற்கிற லோரிதான். நல்ல லோரிகளுக்கெல்லாம் பழைய டிரைவர்கள் இருப்பார்கள். சாமி படம் ஒட்டி, சீட்டுக்கு உறை தைத்துப் போட்டு, சாவியை வீட்டுக்கே கொண்டுபோய்விடுவார்கள். மூலை லோரிக்கு மட்டும் ஆள் நிலைப்பதில்லை. ஏன் நிலைப்பதில்லை என்று கேட்க நமக்கு அப்போது தோன்றாது. ஜிடிஎல் (சரக்கு வண்டி ஓட்டும் லைசென்ஸ்) கைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது, டிரிப் கணக்கு ஓடினால் போதும் என்றிருக்கும்.

எனக்குக் கிடைத்தது செம்பனை (பாமாயில் பனை) குலை ஏற்றும் ஆறு சக்கர லோரி. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் ஆட்டினால் முன்சக்கரம் அசையாமல் நிற்கும். சூப்பர்வைசரிடம் சொன்னேன். "பழைய வண்டி அப்படித்தான் தம்பி இருக்கும். ரெண்டு வாரத்துல கை பழகிடும்" என்றார். அவர் சொன்னபடியே பழகிவிட்டது. மூன்றாவது வாரம் அந்த ஆட்டம் எனக்குத் தெரியவே இல்லை. பிறகு மெக்கானிக் ஒருவர் எடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டு, "இதையா இத்தனை நாள் ஓட்டினே?" என்று கேட்டபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அதனால் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். வண்டியின் கோளாறு உங்கள் கண்ணுக்கு நன்றாகத் தெரிவது முதல் வாரத்தில். கை பழகுவதற்குள் எழுதி வைத்துவிடுங்கள்.

இந்த ஊரில் இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2025 மே 13-ஆம் தேதி காலை, நம் சித்ரா பௌர்ணமி விழாவுக்குப் பாதுகாப்புப் பணிக்கு வந்து திரும்பிக்கொண்டிருந்த எஃப்ஆர்யூ (போலீஸின் கலகத் தடுப்புப் படை) லோரியும் கல் ஏற்றி வந்த லோரியும் சிக்குஸ்–சுங்கை லம்பாம் சாலையில் மோதின. ஒன்பது போலீஸ்காரர்கள் இறந்தார்கள். கல் லோரியின் ஸ்டியரிங் கோளாறு, அளவுக்கு மீறிய சுமை எல்லாம் விசாரணையில் பிறகு வெளியே வந்தன. ஆனால் சில நாளிலேயே கோர்ட்டில் நிறுத்தப்பட்டவர் டிரைவர். ஆபத்தாக ஓட்டி மரணம் விளைவித்தால், 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 41-ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்கே 5 முதல் 10 ஆண்டு சிறை, 20,000 முதல் 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம். கம்பெனி மேல் வழக்கு வருமா வராதா என்பது வேறு கதை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் யார் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

சாவியை வாங்குவதற்கு முன்

வேலை பேசப் போகும்போதே "எந்த லோரி எனக்கு?" என்று கேளுங்கள். "பார்த்துட்டு வரட்டுமா பாஸ்?" என்று பணிவாகக் கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். கோபித்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

கேபினில் ரோட் டாக்ஸ், இன்சூரன்ஸ், அபாட் (தரைப் போக்குவரத்து நிறுவனம்) கொடுக்கும் பெர்மிட், கடைசி புஸ்பாகோம் (வாகனப் பரிசோதனை நிலையம்) அறிக்கை ஆகியவற்றின் தேதியைப் பாருங்கள். வர்த்தக வாகனத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை உண்டு. பாஸ் ஆகியிருக்கிறது என்பதற்காக நிம்மதியாகிவிட வேண்டாம். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் பரிசோதனைக்குப் போகிற காலையில் வேறு லோரியின் டயரைக் கழற்றி மாட்டுவார்கள், மாலையில் பழைய டயர் திரும்ப ஏறிவிடும். அறிக்கையில் இருப்பது அந்த ஒரு நாளின் லோரி.

பெர்மிட்டில் இருக்கும் கம்பெனிப் பெயரும் உங்களுக்குச் சம்பளம் கொடுக்கும் கம்பெனிப் பெயரும் ஒன்றா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு வேறாக இருந்தால், ஏதாவது நடந்த பிறகு இவர் அவரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார்.

அப்புறம் முதல் நாளே போனை எடுத்து லோரியைச் சுற்றி வீடியோ பிடித்துவிடுங்கள். நம்பர் பிளேட்டில் ஆரம்பித்து நான்கு பக்கம், எல்லா டயரும், டேஷ்போர்டில் எரியும் விளக்குகள், கிலோமீட்டர் கணக்கு. மூன்று நிமிடம் ஆகும். பம்பர் ஒடுங்கியிருந்தது நீங்கள் வருவதற்கு முன்பா பின்பா என்ற சண்டை சம்பளப் பிடித்தத்தில் வந்து நிற்கும்போது இந்த மூன்று நிமிடம் கைகொடுக்கும்.

தினமும் காலையில் கால் மணி நேரம்

முதல் லோடுக்கு ஐந்தரைக்கே கிளம்பச் சொல்வார்கள். ஐந்தேகாலுக்குப் போய்விடுங்கள். கையில் டார்ச் லைட், ஒரு மரக்கட்டை, பழைய துணி. எஞ்சின் எண்ணெய், ரேடியேட்டர் தண்ணீர், பெல்ட் எல்லாம் உங்களுக்குத் தெரியும், அதை நான் எழுதவில்லை. எஞ்சின் நின்றால் லோரி நின்றுவிடும், அவ்வளவுதான். ஆளைக் கொல்வது சக்கரம், பிரேக்கை இயக்கும் காற்று, ஸ்டியரிங் மூன்றும்.

சக்கரத்தில் நட்டைப் பாருங்கள். தளர்ந்த நட்டுக்குக் கீழே ரிம்மில் துரு வடிந்த கோடு இருக்கும், கண்ணில் மை வழிந்த மாதிரி. ரிம் மேல் சேறு காய்ந்திருந்தால் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். எஸ்டேட் லோரியில் இது முக்கியம், ஏனென்றால் எல்லாவற்றையும் செம்மண் மூடியிருக்கும். ஒரு நட் குறைந்தாலும் மற்றவை அந்தப் பாரத்தையும் சேர்த்துத் தாங்குகின்றன என்று அர்த்தம். முந்தின நாள் டயர் மாற்றியிருந்தால் ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியபின் நிறுத்தித் திரும்ப முறுக்க வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. ஆயுத பூசைக்குச் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைக்கக் குனிகிறோமே, அப்போதாவது நட்டை ஒரு பார்வை பார்க்கலாம்.

பின்பக்க இரட்டை டயரில் உள் டயர்தான் ஏமாற்றும். வெளி டயர் தாங்கிக்கொள்வதால் உள்ளே காற்று இல்லாதது கண்ணுக்குத் தெரியாது. மரக்கட்டையால் ஒவ்வொரு டயரையும் தட்டுங்கள். காற்று இருந்தால் கட்டை துள்ளித் திரும்பும், சத்தம் கெட்டியாகக் கேட்கும். இல்லாவிட்டால் தலையணையில் அடித்தது போல 'தொப்' என்று அமுங்கும். ஒரு வாரம் தட்டினால் காதுக்குப் பழகிவிடும். இந்த ஒரு பழக்கம் நல்ல பழக்கம். காற்றில்லாத உள் டயர் நசுங்கி நசுங்கிச் சூடேறித் தீப்பிடித்த லோரிகள் உண்டு. இரண்டு டயருக்கும் நடுவில் கல் சிக்கியிருந்தால் யார்டிலேயே எடுத்துவிடுங்கள், சாலையில் வேகம் எடுத்ததும் அது பின்னால் வருகிற மோட்டார்சைக்கிள்காரர் மேல் பறக்கும். டயர்ப் பூவின் (டயரின் மேல் உள்ள வரிப்பள்ளத்தின்) ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. செலுப் டயராக (பழைய டயரில் புதுப் பட்டை ஒட்டியது) இருந்தால் ஒட்டிய பட்டையின் ஓரத்தை விரலால் நீவிப் பாருங்கள், நகம் உள்ளே போனால் அது உரியப் போகிறது.

அடுத்து பிரேக் காற்று. முதலில் சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள். எஞ்சினை ஓடவிட்டுக் காற்று நிறையட்டும். பெரும்பாலான லோரிகளில் டேஷ்போர்டில் உள்ள காற்றழுத்த மானி ஏழு, எட்டு பாருக்கு ஏறியதும் 'ப்ஷ்' என்று ஒரு சத்தம் வரும். எஞ்சினை அணையுங்கள். கைபிரேக்கை எடுத்துவிட்டு, கால்பிரேக்கை முழுக்க மிதித்தபடி ஒரு நிமிடம் அசையாமல் உட்காருங்கள். ரேடியோ வேண்டாம், போன் வேண்டாம். மானியின் ஊசி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இறங்கினால் எங்கேயோ கசிகிறது. விடியற்காலையில் யார்டு அமைதியாக இருக்கும், அந்த 'ஸ்ஸ்' சத்தம் கேட்கும். பிறகு சாவியை ஆன் செய்துவிட்டு பிரேக்கை மிதித்து மிதித்து விடுங்கள். காற்று நாலு, ஐந்து பாருக்கு இறங்குவதற்குள் எச்சரிக்கை விளக்கோ பஸ்ஸரோ வர வேண்டும். வரவில்லையா? டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டுப் பாருங்கள். சத்தம் தொல்லையாக இருக்கிறது என்று பழைய டிரைவர் யாராவது வயரை வெட்டியிருப்பார். நானே அப்படி வெட்டிய வயரை இரண்டு லோரியில் பார்த்திருக்கிறேன்.

காற்றுத் தொட்டிக்குக் கீழே ஒரு வளையம் தொங்கும். அதை இழுத்துத் தண்ணீரை வெளியேற்றுங்கள். நம் ஊர் ஈரக்காற்றுக்கு அதில் தினமும் தண்ணீர் சேரும். தண்ணீரோடு எண்ணெயும் கலந்து பால் மாதிரி வந்தால் கம்ப்ரெஸர் தேய்ந்துவிட்டது, அதை எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ஸ்டியரிங். இதற்கு இரண்டு பேர் வேண்டும். கெலிண்டான் (லோரி உதவியாளர்) இருந்தால் அவரை ஏற்றி உட்காரவைத்து, எஞ்சின் ஓட, கியர் நியூட்ரலில், ஸ்டியரிங்கை மெதுவாக இடமும் வலமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் முன்பக்கம் குனிந்து, உடம்பு சக்கரத்துக்கு வெளியே இருக்கும்படி, டார்ச் அடித்து கம்பிகள் சேரும் முட்டிகளைப் பாருங்கள். ஒரு கம்பி நகர்ந்து அடுத்தது உடனே நகராமல் ஒரு கணம் தாமதித்தால், அந்த முட்டி தேய்ந்திருக்கிறது. ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியே வந்து அதில் மண் ஒட்டியிருந்தாலும் அதே கதைதான். முட்டியின் நட் கழலாமல் இருக்கக் காட்டர் பின் மாட்டியிருக்க வேண்டிய இடத்தில் ஆணி வளைத்துச் சொருகியிருந்தால் அந்த லோரியை அன்று எடுக்காதீர்கள். ஆமாம், ஆணியைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, யார்டுக்குள்ளேயே இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி ஒரு பிரேக். ஒரு பக்கமாக இழுத்தால் ஒரு சக்கரம் பிடிக்கிறது, இன்னொன்று பிடிக்கவில்லை. வெறும் லோரியில் லேசாக இழுப்பது பத்து டன்னோடு மழையில் எப்படி இழுக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எதோடு ஓட்டலாம்

எல்லாம் சரியாக இருக்கிற லோரி கிடைக்காது. ஏர்கோண்ட் வேலை செய்யாது, கண்ணாடி பாதியில் நிற்கும், சீட் ஒரு பக்கம் சாயும், கதவை உள்ளேயிருந்து கயிறு கட்டி மூடுவீர்கள். இதற்கெல்லாம் முறுக்கிக்கொண்டு நின்றால் உண்மையான கோளாறைச் சொல்லும்போது யாரும் காது கொடுக்க மாட்டார்கள். நான் கோடு கிழித்து வைத்திருப்பது இவ்வளவுதான்: காற்று நிற்கவில்லை, ஸ்டியரிங் முட்டியில் ஆட்டம், நட் இல்லை, டயரில் கம்பி தெரிகிறது, பின்னால் பிரேக் லைட் எரியவில்லை. இதில் ஒன்று இருந்தாலும் லோரி யார்டை விட்டுப் போகாது. வைப்பர் காலையில் பரவாயில்லை என்று தோன்றும், ஆனால் இங்கே மாலை நான்கு மணிக்கு வானம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுமையும் இதே கணக்கில் வரும். லோரியின் பக்கவாட்டில் வெறும் லோரியின் எடையும் சுமையோடு இருக்க வேண்டிய மொத்த எடையும் எழுதியிருக்கும். மலாய்ச் சுருக்கத்தில் இரண்டுமே தமிழில் 'பிடிஎம்' என்றுதான் வருகிறது, குழப்பிக்கொள்ளாதீர்கள். பெரிய எண் எதுவோ அதுதான் உங்கள் எல்லை. மில் தராசில் கொடுக்கும் சீட்டில் வருகிற மொத்த எடையை அதோடு ஒப்பிட்டு, சீட்டைப் படம் பிடித்து வையுங்கள். மழைக்கால ஈரக் குலையும் ஆற்று மணலும் கண்ணளவை ஏமாற்றும், லோரிப் பெட்டி பாதிதான் நிறைந்தது போலிருக்கும். டிரிப்புக்கு இவ்வளவு என்று சம்பளம் என்றால் அதிகம் ஏற்றுவதில் உங்களுக்கு லாபமே இல்லை. டன்னுக்கு இவ்வளவு என்றால் ஆசை வரும். வரட்டும், சரி, ஆனால் நல்ல பிரேக்குக்குக்கூட அந்த எடை கணக்கில் இல்லை.

எப்படிச் சொல்வது

பல பையன்கள் தடுமாறுவது இங்கேதான். கோளாறைக் கண்டுபிடித்துவிடுவார்கள், சொல்ல வாய் வராது. சொன்னாலும் வாயால் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எழுதுங்கள். கம்பெனியின் புலனம் (வாட்ஸ்அப்) குழுவில் வேண்டாம், அதில் போட்டால் பாஸுக்கு மானப் பிரச்சினை ஆகிவிடும். பாஸுக்கோ சூப்பர்வைசருக்கோ தனியாக அனுப்புங்கள். படமும் சேர்த்து.

பாஸ் சீனராகவோ மலாய்க்காரராகவோ இருந்தால் மலாயில் இப்படி: "பாஸ், பாகி இனி பிரேக் ஆங்கின் போச்சோர். தாயார் பெலாகாங் கிரி, நட் லோங்கார். லோரி தாக் செலாமாட் நாக் பாவா. தோலோங் சுரோ மெக்கானிக் தெங்கோக் டூலு." காலையில் காற்று கசிகிறது, பின் இடது சக்கரத்தில் நட் தளர்ந்திருக்கிறது, ஓட்டப் பாதுகாப்பாக இல்லை, மெக்கானிக்கை முதலில் பார்க்கச் சொல்லுங்கள் என்று பொருள். லோரி நம்பரை மறக்காதீர்கள். நான் ஆரம்பத்தில் 'தாக் பெரானி' என்று எழுதிக்கொண்டிருந்தேன். எனக்குத் துணிச்சல் இல்லை என்று ஆகிவிடும், உடனே "பயந்தாங்கொள்ளி" என்று சிரிப்பார்கள், துணிச்சலான இன்னொருவரைத் தேடுவார்கள். 'தாக் செலாமாட்' என்று எழுதினால் பேச்சு லோரியைப் பற்றியதாகிறது.

சூப்பர்வைசர் நம் ஆளாக இருந்தால் வேறு சிக்கல். "நேத்து ஓட்டினவன் ஒண்ணும் சொல்லலியேப்பா" என்பார். வாக்குவாதம் வேண்டாம். "அண்ணே, ஒரு நிமிஷம் வந்து இந்த ஊசியைப் பாருங்கண்ணே" என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். தன் கண்ணால் பார்த்த ஒருவர் "போய்ட்டு வா" என்று சொல்வது கொஞ்சம் கடினம். அப்படியும் சொன்னால், "சரிண்ணே, நீங்க போகச் சொன்னீங்கன்னு மெசேஜ்ல போட்டு விடுங்க" என்று கேளுங்கள். நான் கேட்ட மூன்று தடவையில் மூன்று தடவையும் மெக்கானிக் வந்தார்.

சட்டம் உங்கள் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்த திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பினால், முதலாளியிடம் தெரிவித்தும் அவர் எதுவும் செய்யாவிட்டால், தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம், அதற்காக அவரைப் பழிவாங்கக்கூடாது என்று 26ஏ பிரிவு சொல்கிறது. தெரிவித்தும் என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்தப் புலனச் செய்தி இல்லாவிட்டால் தெரிவித்ததை எப்படிக் காட்டுவீர்கள்? புகாருக்கு ஜேகேகேபி (வேலையிடப் பாதுகாப்பு இலாகா), சம்பளத்தைப் பிடித்தால் தொழிலாளர் இலாகா, சாலையில் ஓடும் வண்டியின் நிலை என்றால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா). சட்டம் இருந்தும் நாளைக்கு டிரிப் கொடுக்காமல் உட்காரவைக்க ஆயிரம் வழி அவர்களுக்குத் தெரியும் என்பதும் உண்மை.

சொக்சோ (தொழிலாளர் விபத்துக் காப்புறுதி) கட்டுகிறார்களா என்று சம்பளச் சீட்டில் பாருங்கள். சீட்டே தராவிட்டால் ஐசியை (அடையாள அட்டையை) எடுத்துக்கொண்டு சொக்சோ அலுவலகத்தில் கேளுங்கள். "நீ தொழிலாளி இல்லை, டிரிப்புக்கு ஓடுற கன்ட்ராக்டர்" என்று சொல்லித் தப்பிக்கிற இடங்களும் உண்டு. அங்கே சுயதொழில் செய்வோருக்கான 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நீங்களே கட்டிக்கொள்ளலாம். கால் போன பிறகு கட்ட முடியாது.

வழியில் கெட்டுவிட்டால்

காற்று எச்சரிக்கை ஓடும்போது வந்தால் "மில் வரைக்கும் போயிடலாம்" என்று நினைக்காதீர்கள். காற்று மேலும் இறங்கினால் ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடித்து, லோரி நடுச்சாலையில், வளைவில், எங்கே வேண்டுமானாலும் நிற்கும். அது பிடிப்பதற்குள் நீங்களே ஓர் இடம் பார்த்து ஒதுங்குங்கள். சக்கரத்துக்குக் கட்டை, பின்னால் தூரத்தில் முக்கோணம். பிளஸ் நெடுஞ்சாலையில் என்றால் கேபினில் உட்கார்ந்து போன் பேசாமல் இறங்கித் தடுப்புக்கு வெளியே நில்லுங்கள். டிப்பராக இருந்தால் தூக்கிய பெட்டிக்குக் கீழே முட்டு கொடுக்காமல் தலையை நீட்டக்கூடாது, ஒரு நொடிக்குக்கூட.

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் லோடு கொடுத்தால், ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் முதலில் கருகிய வாடை வரும், பிறகு மிதித்தாலும் பிடிக்காது. வாடை வந்ததும் நிறுத்துங்கள், தண்ணீர் ஊற்றாமல் தானாக ஆறட்டும். நம் பக்கத்துச் சாலையெல்லாம் தட்டை, அதில் மட்டும் ஓட்டியவருக்கு இது தெரியாது. முதல் தடவை போகும்போது தெரிந்த டிரைவர் ஒருவரைக் கூட உட்காரவைத்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாலையில் சாவியைக் கொடுக்கும்போது

ஒரு வெள்ளி நோட்டுப் புத்தகம் போதும். தேதி, லோரி நம்பர், கிலோமீட்டர், என்ன கோளாறு, யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள், என்ன செய்தார்கள். ஒரு நாளைக்கு இரண்டு வரி. ஒரு மாதம் கழித்துப் புரட்டிப் பாருங்கள். அதே கோளாறு நான்கைந்து தடவை எழுதப்பட்டு, "பார்க்கலாம்" என்ற பதிலும் நான்கைந்து தடவை இருந்தால், ஜிடிஎல் உள்ள டிரைவருக்கு வேறு இடத்தில் வேலை கிடைக்கும். விலகுவதாக இருந்தால் சம்பள நாள் கழித்துச் சொல்லுங்கள், கடைசி டிரிப் கணக்கைக் கையோடு வாங்குங்கள், போனில் உள்ள படங்களை அழிக்காதீர்கள்.

போகும்போது சூப்பர்வைசரிடம் சாவியோடு அந்த இரண்டு வரிக் கணக்கின் படத்தையும் கொடுத்துவிடுங்கள். மறுநாள் காலை அந்த மூலை லோரிக்கு வேறொரு பையன் வருவான். நான் விலகிய இடத்தில் அடுத்து வந்தவனை இரண்டு மாதம் கழித்துக் காப்பிக் கடையில் பார்த்தேன். "அண்ணே, அந்தப் பஸ்ஸர் வயரை நான் திரும்ப மாட்டிட்டேன்" என்றான். ஸ்டியரிங் என்ன ஆச்சு என்று கேட்டேன். அவன் டீயைக் கலக்கிக்கொண்டே, "இன்னும் ஆடுதுண்ணே. வெள்ளிக்கிழமை மெக்கானிக் வர்றாராம். அதுவரைக்கும் எடுக்க மாட்டேன்னு எழுதி அனுப்பிட்டேன்" என்றான்.